பெண்முகமும் பெண்மையின் அளவுகோலும்

முக எலும்பைச் செதுக்கியும் மென்திசுக்களைத் திருத்தியும் ஒரு முகத்தைப் பெண்முகத்தின் சாயலுக்குக் கொண்டுவரும் அறுவை மருத்துவம் 1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் உருவம் பெற்றது. முதலில் அது திருநங்கையருக்காகவே வகுக்கப்பட்டது. இன்று பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வாழும் பெண்களும் அதே அறுவைகளை நாடுகிறார்கள். புருவ மேடு துருத்தியிருக்கிறது, தாடை அகன்றிருக்கிறது, நெற்றி ஏறியிருக்கிறது, கண்ணாடியில் ஓர் ஆணின் சாயல் தெரிகிறது என்று மருத்துவரிடம் முறையிடுகிறார்கள். தம்மைப் பெண் என்று தம் முகம் பிறருக்குக் காட்ட வேண்டும் என ஒரு திருநங்கை கேட்கும்போது, அந்த வேண்டுகோளின் பொருள் எளிதில் விளங்கிவிடுகிறது. எல்லோராலும் பெண்ணாகவே அறியப்படும் ஒருவர் தமக்குப் பெண்ணின் முகம் வேண்டும் என்று கேட்டால் அவர் கேட்பது என்ன? இப்போது அவரிடம் இருக்கும் முகம் பெண்ணின் முகம் இல்லையென்றால் அது யாருடைய முகம்? உடலைத் திருத்துவது தகுமா என்ற கேள்விக்குச் சமயங்களும் மெய்யியலாரும் பல நூற்றாண்டுகளாக விடை சொல்லிவந்திருக்கிறார்கள். அந்த விடைகள் இந்தப் புதிய வேண்டுகோளின் முன் எப்படி நிற்கின்றன என்பதே இங்கே ஆராயப்படுவது.

இந்த அறுவையின் தொடக்கமே ஒரு மெய்யியல் சிக்கலைத் தனக்குள் வைத்திருக்கிறது. திருநங்கை ஒருவரின் முகம் இன்னும் ஆண்முகமாகவே தெரிகிறது, அதற்கு ஏதும் செய்ய இயலுமா என்று 1982-இல் டாரல் பிராட் என்ற அறுவை மருத்துவர் தம் துறைத் தோழர் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட்டிடம் கேட்டார். ஆஸ்டர்ஹவுட் பிறவிக் குறையால் உருச்சிதைந்த மண்டையோடுகளைச் சீரமைப்பதில் தேர்ந்தவர்; அத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் பிரெஞ்சு மருத்துவர் பால் டெசியேயிடம் பயின்றவர். பெண்ணின் மண்டையோட்டை ஆணின் மண்டையோட்டிலிருந்து பிரித்துக்காட்டும் அளவுகள் எவை என்பதை அறுவை நூல்கள் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் மானிடவியல் அளவீடுகளைப் படித்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி பாதுகாத்துவந்த மண்டையோடுகளை ஆராய்ந்தார். ஆண் ஓடுகளின் சராசரியும் பெண் ஓடுகளின் சராசரியும் எங்கெங்கே விலகுகின்றன என்று கண்டார். நெற்றியைப் பெண்மைப்படுத்துவது பற்றிய அவருடைய கட்டுரை 1987-இல் வெளிவந்தது. உயிருள்ள ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் இறந்தவர்களின் எலும்புகளிலிருந்து எடுத்த சராசரியாக அமைந்தது இப்படித்தான். ஆஸ்டர்ஹவுட் எதிர்கொண்ட நோக்கத்துக்கு அது தக்க வழியே. அந்தச் சராசரி பின்னாளில் பெண்களின் முகத்துக்கு நேராகவே நீட்டப்பட்டபோதுதான் அதன் இயல்பு மாறியது.

அறுவைகளில் முதலிடம் நெற்றிக்கு. ஆண்களுக்குப் பொதுவாகப் புருவத்தின் மேல் எலும்பு மேடிட்டு முன்வந்திருக்கும். அதன் பின்னால் காற்று நிறைந்த நெற்றிக் குழிவு இருக்கும். எலும்பு தடித்திருந்தால் மேட்டைத் தேய்த்து இறக்கினால் போதும். குழிவின் முன்சுவர் மெல்லியதாக இருந்தால் தேய்க்க முடியாது. அந்தச் சுவரைத் தனியே வெட்டியெடுத்து, வடிவு திருத்தி, சற்றுப் பின்தள்ளி வைத்து, சிறு டைட்டானியம் தகடுகளால் பொருத்துவார்கள். மயிர்க்கோட்டை ஒட்டியே கீறுவதால் ஏறிய நெற்றியைத் தாழ்த்துவதையும் அப்போதே செய்துவிடலாம். தாடையின் கோணத்தை வாய்க்குள்ளிருந்தே கீறி அறுத்துக் குறைப்பது, முகவாய் எலும்பை வெட்டி நகர்த்திக் கூராக்குவது, கன்ன எலும்பை ஒடுக்குவது, மூக்கைச் சிறிதாக்குவது, மேலுதட்டைத் தூக்குவது, கழுத்தில் குரல்வளைக் குருத்தெலும்பைச் சீவுவது ஆகியன மற்றவை. கத்தியில்லாத வழிகளும் உண்டு. மெல்லும் தசை பருத்ததால் தாடை அகன்று தெரிந்தால் அத்தசையில் போடாக்ஸ் ஊசி போட்டாலே முகம் ஒடுங்கும். சில மாதங்களில் அதன் விளைவு தீர்ந்துவிடும் என்பதால் மனம் மாற இடம் இருக்கிறது. எலும்பை அறுத்தபின் அந்த இடம் இல்லை. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு நிலையாகவே. எலும்பு குறைந்த இடத்தில் தோல் தளர்ந்து தொங்குவதும் உண்டு. பொது மயக்க மருந்து, குருதிப்போக்கு, தொற்று என்னும் பொதுவான இடர்கள் இவற்றோடு சேரும்.

இவற்றை நாடும் பெண்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரந்தால், வளர்ந்து முடிந்தவரின் தாடையும் புருவ மேடும் மூக்கும் கைகால்களும் மெல்ல மெல்லப் பெருக்கும். அக்ரோமெகலி எனப்படும் இந்த நோய் மேரி ஆன் பெவன் என்ற ஆங்கிலச் செவிலியருக்கு வந்தது. கணவர் 1914-இல் இறக்க, நான்கு குழந்தைகளோடு நின்ற அவர், உலகிலேயே அழகற்ற பெண் என்ற பட்டத்தை ஏற்று 1920 முதல் நியூயார்க்கின் கோனி தீவுக் காட்சிக்கூடத்தில் தம் முகத்தைக் காசுக்குக் காட்டிப் பிள்ளைகளை வளர்த்தார். 1933-இல் இறந்தார். நோய் அவருக்குச் செய்ததைக் காட்டிலும் கூடிநின்று சிரித்தவர்கள் செய்தது கொடிது. இன்று அப்படிப்பட்ட ஒருவர் கட்டியை அகற்றிய பிறகு தாடையையும் நெற்றியையும் சீர்செய்யக் கேட்டால், அதைத் தவறென்று எந்தச் சமயமும் எளிதில் சொல்லிவிடாது. விபத்தில் முகம் சிதைந்தவரும் பிறவி முக வேறுபாடு உள்ளவரும் இதே வரிசையில் வருவர். இன்னொரு வகையினர் எந்த நோயும் இல்லாதவர்கள். அவர்களின் புருவ மேடு தந்தையிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்தது; நலமான, இயல்பான எலும்பு அது. தென்கொரியாவிலும் கிழக்காசியாவின் பிற நகரங்களிலும் தாடைக் கோணத்தையும் கன்ன எலும்பையும் குறைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பெண்களே. அறவியலின் கடினமான கேள்வி இவர்களைப் பற்றியது.

நோயில்லாத முகத்தைக் குறையுள்ள முகம் என்று சொல்ல வைப்பது எது? பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெத்லே 1835-இல் சராசரி மனிதன் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு மக்கள்திரளின் எல்லா அளவுகளிலும் நடுவே நிற்கும் அந்தக் கற்பனை மனிதனே அழகுக்கும் நன்மைக்கும் இலக்கணம் என்றும், அவனிடமிருந்து விலகுவதெல்லாம் அழகின்மையும் நோயும் ஆகும் என்றும் அவர் கருதினார். எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு செய்தி இங்கே ஒரு கட்டளையாக வேடம் மாறுகிறது. இதை மறுத்தவர்களில் முதன்மையானவர், மருத்துவரும் மெய்யியலாருமான ஜார்ஜ் கங்கிலெம். 1943-இல் எழுதிய ஆய்வில் அவர், உயிரியல்பு சராசரியிலிருந்து கிடைப்பதில்லை, தன் சூழலில் தானே புதிய நெறிகளை அமைத்துக்கொண்டு வாழும் ஆற்றலே நலம் என்று வாதிட்டார். சராசரியிலிருந்து விலகிய உறுப்பு தன் வேலையைச் செய்துகொண்டு உயிரைத் தாங்கி நிற்குமானால் அது வேறுபாடு, நோய் ஆகாது. முகத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விடை தெளிவாகவே இருக்கிறது. ஆண் எலும்பின் அளவுகளும் பெண் எலும்பின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்தே கிடக்கின்றன. சராசரி இரண்டாக இருக்கலாம். மனிதர்கள் இரண்டு குவியலாகப் பிரிந்து நிற்பதில்லை. அகன்ற தாடை கொண்ட பெண் பெண்களின் பரப்புக்குள்ளேயே நிற்கிறார். அவருடைய தாடை பெண்ணின் தாடைகளில் ஒன்று.

சமயங்கள் இந்தச் சிக்கலை இப்படி எதிர்கொள்ளவில்லை. அவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு தொடங்கின: உடல் யாருக்குச் சொந்தம்? அதைத் திருத்துபவரின் நோக்கம் என்ன?

கிறித்தவத்தில் பழைய குரல்கள் கடுமையானவை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியனும் அதே நகரின் ஆயர் சிப்ரியனும் 3-ஆம் நூற்றாண்டில் பெண்களின் ஒப்பனையைக் கண்டித்து எழுதினார்கள். படைத்தவர் தீட்டிய உருவத்தின்மேல் மை பூசுவது அவருடைய கைவேலையைத் திருத்த முயலும் துணிவு. உயிர்த்தெழும் நாளில் அவருக்கே அந்த முகம் அடையாளம் தெரியாமற் போகலாம் என்று சிப்ரியன் எச்சரித்தார். கண்மைக்கே இவ்வளவு என்றால் எலும்பறுவைக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கடுமையைத் தணித்தார். இல்லாத அழகைப் போலியாகக் காட்டுவது ஒன்று, நோய் முதலியவற்றால் வந்த உருக்குறையை மறைப்பது வேறொன்று. பின்னது குற்றமில்லை என்று அவர் பிரித்தார். பிற்கால மருத்துவ அறவியலில் சிகிச்சை என்றும் மேம்படுத்தல் என்றும் வரையப்படும் கோட்டின் முன்வடிவம் இது.

1958 அக்டோபர் 4-இல், தாம் இறப்பதற்கு 5 நாள் முன்பு, திருத்தந்தை 12-ஆம் பயஸ் இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களின் மாநாட்டினரிடம் உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே, ஆனால் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது. ஆகவே அழகறுவை தன்னளவில் தீதும் இல்லை, எப்போதும் நன்றும் இல்லை என்றார். பிறரை மயக்கும் ஆற்றலைப் பெருக்கவோ, குற்றவாளி சட்டத்திடமிருந்து தப்பவோ செய்தால் அது தகாது. உறுப்பின் இயக்கத்துக்கே ஊறு விளைந்தாலும் தகாது. தக்க காரணம் இருந்தால் தகும். 2015-இல் வத்திக்கானின் பண்பாட்டு மன்றம் பெண்களின் பண்பாடு பற்றி வெளியிட்ட ஆவணம் அழகறுவையைச் சதையாலான முகத்திரைக்கு ஒப்பிட்ட ஒரு பெண்ணின் சொல்லை எடுத்தாண்டது. கடுமையான உவமைதான். ஆனால் சிப்ரியனிடமிருந்து அது எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சிப்ரியன் பெண்ணைக் குற்றவாளியாக்கினார். இந்த உவமையில் அவள்மேல் ஏதோ ஒன்று போர்த்தப்படுகிறது.

கிறித்தவ மரபில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வருபவர் அகுஸ்தீன். உயிர்த்தெழும்போது பெண்கள் ஆணுடல் பெறுவார்கள் என்று அவர் காலத்தில் சிலர் நம்பினார்கள். தம் இறைநகர நூலின் கடைசிப் பகுதியில் அவர் அதை மறுத்தார்: பெண்ணாயிருப்பது குறையன்று, இயற்கை, பெண்கள் பெண்களாகவே எழுவார்கள். பெண்மையை யாரும் அடைய வேண்டியதில்லை, அது கொடுக்கப்பட்டே இருக்கிறது என்ற எண்ணம் இதற்குள் உறங்குகிறது. ஆனால் அதே பகுதியில், உயிர்த்த உடலில் மிகையானது குறைந்து, குறைந்தது நிரம்பி, எல்லாம் ஒத்திசைந்த அழகோடு விளங்கும் என்றும் எழுதினார். மிகை எது, குறை எது என்பதை முடிவுசெய்யும் உரிமையை இறைவனிடமே விட்டுவிட்டார்.

இசுலாமியச் சட்டவியல் இந்தச் சிக்கலை இன்னும் நுணுக்கமாகத் தொட்டிருக்கிறது. குர்ஆனின் 4-ஆம் அத்தியாயத்து 119-ஆம் வசனம், இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று சாத்தான் சூளுரைப்பதைச் சொல்கிறது. பச்சை குத்துவோர், முகமுடி களைவோர், அழகுக்காகப் பல்லிடை பிளப்போர் ஆகிய பெண்கள்மீது சாபம் உண்டென்று நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் அறிவித்தார். அசது குலத்து உம்மு யஃகூப் என்ற பெண்மணி நேரே வந்து, இது குர்ஆனில் எங்கே இருக்கிறது என்று அவரிடம் வழக்காடியதையும் ஹதீஸ் நூல்கள் மறைக்காமல் பதிந்திருக்கின்றன. இன்னொரு புறம் அர்ஃபஜா என்பவரின் செய்தி. குலாப் போரில் மூக்கறுபட்ட அவர் வெள்ளி மூக்கு பொருத்திக்கொண்டார். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் சொன்னார்கள். ஆண்கள் பொன்னணிவது விலக்கப்பட்டிருந்தும் ஒரு முகத்தை மீட்பதற்காக அந்த விலக்கு தளர்ந்தது.

இந்த இரு முனைகளுக்கும் இடையே, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் என்ன செய்வது என்று சட்டவியலார் கேட்டனர். பெண்முகத்தில் ஆண்சாயல் என்ற முறையீடு அப்போதே இருந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. 10-ஆம் நூற்றாண்டின் இமாம் தபரி, அவள் அதைக் களையக் கூடாது, தன் படைப்பில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார். 13-ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி, அதைக் களைவதில் தடையில்லை, களைவது விரும்பத்தக்கதும்கூட என்றார். பெரும்பாலோர் நவவியின் பக்கமே சாய்ந்தனர். அவருடைய தீர்ப்பில் இரக்கம் இருக்கிறது. ஆனால் பெண்முகம் என்று ஒன்று முன்பே வரையறுக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பெண் அதிலிருந்து விலகிவிட்டாள் என்ற எண்ணமும் அதில் உண்டு. தபரியின் தீர்ப்பு கடுமையானது. ஊராரின் பார்வையைச் சுமந்து வாழ வேண்டியவளுக்கு அது எந்தத் துணையும் தரவில்லை. ஆயினும் அவளுக்கு முளைத்தது எதுவோ அது அவளுடைய படைப்பு, அது இருப்பதால் அவள் பெண்மையில் குறைவதில்லை என்ற மதிப்பு அந்தக் கடுமைக்குள் இருப்பதை மறுக்க முடியாது. இந்த மதிப்பையும் அந்த இரக்கத்தையும் ஒரே தீர்ப்பில் சேர்ப்பது எப்படி என்பது இன்றும் தீராத வேலை.

2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய பன்னாட்டு இசுலாமிய ஃபிக்ஹ் அகாதமி அழகறுவை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. பிறவிக் குறை, விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் வந்த உருக்குறையை நீக்கலாம். உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் அழகின்மையையும் சீர்செய்யலாம். வெறும் விருப்பத்தைப் பின்பற்றி முகத்தை வேறொரு தோற்றத்துக்கு மாற்றும் அறுவைகள் கூடா. மனத்துன்பத்தை இத்தீர்மானம் கணக்கில் எடுத்தது பெரிய செய்தி. அத்துடன் அது ஒரு கதவையும் திறந்துவிடுகிறது: நலமான முகத்தோடு ஆழ்ந்த மனத்துன்பத்தில் இருக்கும் பெண் எந்தப் பிரிவில் அடங்குவார்?

யூத மரபு இதே கேள்வியைத் துன்பத்தின் பக்கமிருந்து தொட்டது. உடலின் பொருக்குகளை வலிக்காக நீக்கலாம், அழகுக்காக ஆண் நீக்கக் கூடாது என்று யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத் விதிக்கிறது. இதற்கு உரையெழுதிய இடைக்கால அறிஞர்கள், மனிதர் நடுவே நடக்க ஒருவர் கூசுவாரானால் அதைவிடப் பெரிய வலி இல்லை, ஆகவே நீக்கலாம் என்று விளக்கினர். கூச்சத்தை வலியாகவே எண்ணிய இந்த விளக்கம், அழகறுவை பற்றிய பிற்காலத் தீர்ப்புகளுக்கு அடிப்படையானது. 1964-இல் நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், தன்னை அழகுபடுத்திக்கொள்ள விரும்பிய ஒரு பெண்ணுக்கு அறுவையை அனுமதித்தார். இழிவுபடுத்தும் நோக்கில் செய்யும் காயமே விலக்கப்பட்டது, நன்மை கருதிச் செய்வது அதில் சேராது என்பது அவர் வாதம். எருசலேமின் ரபி எலியேசர் வால்டன்பர்க் மறுத்தார். மருத்துவருக்கு அளிக்கப்பட்டது குணப்படுத்தும் உரிமை மட்டுமே. படைப்பைத் திருத்தும் உரிமை அதில் அடங்காது என்றார் அவர்.

இந்த இருவரையும் விடப் பழைய ஒரு நிகழ்ச்சி தல்மூதின் மூலநூலான மிஷ்னாவில் இருக்கிறது. அழகில்லாதவள் என்று சொல்லித் தன் சகோதரியின் மகளை மணக்க மாட்டேன் என்று ஒருவன் நேர்ந்துகொண்டான். அந்தப் பெண்ணை ரபி இஷ்மவேலின் வீட்டுக்கு அழைத்துப்போய் அழகுபடுத்தினார்கள். ரபியே தம் செலவில் அவளுக்குப் பொற்பல் வைத்தார் என்று தல்மூத் சேர்த்துச் சொல்கிறது. நீ மறுத்தது இவளையா என்று அவனைக் கேட்டு, இல்லை என்று அவன் சொன்னதும் நேர்ச்சையிலிருந்து அவனை விடுவித்தார். பிறகு அழுதார். நம் பெண்கள் அழகானவர்களே, வறுமைதான் அவர்களை அழகற்றவர்களாகக் காட்டுகிறது என்பது அவர் துயரத்தின் சாரம். எதிரே நிற்கும் பெண்ணுக்கு வேண்டியதைச் செய்தார். அவளைக் குறையுள்ளவளாக்கியது எது என்பதையும் சொல்லாமல் விடவில்லை. அழகறுவை பற்றிய மற்ற சமயத் தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடுகின்றன.

கன்பூசிய மரபில் உடல் பெற்றோருடையது. மயிரையும் தோலையும்கூட ஊறின்றிக் காப்பது பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்றும் கடனின் தொடக்கம். 1895-இல் கொரிய அரசு ஆண்களின் தலைமுடியைக் குட்டையாக வெட்ட ஆணையிட்டபோது, தலையைத் தந்தாலும் தருவோம், முடியைத் தர மாட்டோம் என்று அறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதே நாட்டில் இன்று பெற்றோரே பணம் கொடுத்து மகளின் முகத்தைத் திருத்த அனுப்புகிறார்கள். கடன் உணர்வு இன்னும் இருக்கிறது. மகளுக்கு வேலையும் மணவாழ்வும் அமைய வேண்டும் என்ற கவலையாக அது உருமாறியிருக்கிறது. உடல் பெற்றோருடையது என்ற கொள்கை, ஊரார் கண்ணை எதிர்த்து ஒரு மகளைக் காக்கப் போதவில்லை.

இந்திய மரபு முகத்தை மீட்பதில் முன்னோடி. அறுபட்ட மூக்கைத் தோலொட்டி மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. அத்தகைய அறுவை ஒன்று புனேயில் நடந்ததை 1794-இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு வெளியிட, அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814-இல் இங்கிலாந்தில் செய்து பார்த்தார். மூக்கறுப்பு ஒரு தண்டனையாக, குறிப்பாகப் பெண்களை இழிவுபடுத்தும் தண்டனையாக, இருந்த நாட்டில் இந்தக் கலை வளர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் பெண், முகம், அழகு என்ற மூன்றையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்பது தமிழ்ச் சைவத்தின் காரைக்கால் அம்மையார் வரலாறு. வணிகக் குலத்தில் புனிதவதியாகப் பிறந்த அவருடைய அழகைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் விரிவாகவே பாடினார். மாங்கனி அற்புதத்துக்கு அஞ்சிப் பிரிந்துபோன கணவன் பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்து, தேடிவந்த மனைவியைத் தெய்வமென வணங்கி விலகினான். இவனுக்காகச் சுமந்த தசையழகு இனி வேண்டாம் என்று அவர் இறைவனிடம் பேய்வடிவு கேட்டுப் பெற்றார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வற்றிய உடலும் எலும்பு தெரியும் முகமுமாக, தாளத்தைக் கையிலேந்தி அவர் அமர்ந்திருக்கிறார். அவரும் தம் உருவை மாற்றிக்கொண்டவரே. உருவை மாற்றுவது தவறென்றால் அவரும் தவறியவர் ஆவார். சைவம் அவரை அன்னை என்று அழைக்கிறது. அவருடைய வரலாற்றில் மாற்றத்தைக் காட்டிலும் அது யாருடைய பார்வைக்காக நிகழ்ந்தது என்பதே முதன்மை பெறுகிறது. பெண்மைக்கு இலக்கணம் என்று உலகம் வைத்த அத்தனையும் கழன்ற பிறகும் அவர் அம்மையார்.

அண்மைக் கால மெய்யியலில் இந்த விவாதம் பெண்ணியர்களிடையே கூர்மையடைந்தது. தன் உடல்மீது தனக்கே முழு உரிமை என்ற ஆங்கில மெய்யியலார் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தாராளவியம் இங்கே ஒரு விடையை உடனே தருகிறது: வயது வந்தவர், விளைவறிந்தவர், பிறருக்குத் தீங்கில்லை; யாரும் தடுக்கக் கூடாது. தடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் தடை வேண்டுமா என்பது கேள்வியின் ஒரு சிறு பகுதியே. கனடிய மெய்யியலார் கேத்ரின் பாலி மார்கன் 1991-இல், இந்த அறுவைகளில் தெரிவு என்று சொல்லப்படுவது ஏற்கெனவே வகுத்த ஒரே வடிவத்துக்குள் நுழைவதாகவே இருக்கிறது என்று வாதிட்டார். பிரான்சின் கலைஞர் ஒர்லான் 1990-க்கும் 1993-க்கும் இடையே தம் முகத்தையே கலைப்பொருளாக்கிப் பல அறுவைகளைச் செய்துகொண்டதும், கடைசியில் நெற்றியின் இருபுறமும் மேடுகள் எழும்படி பதியங்கள் வைத்துக்கொண்டதும் இந்த வாதத்தோடு சேர்த்து நினைக்கத்தக்கவை. மற்றப் பெண்கள் தேய்த்தெடுக்கச் சொல்லும் இடத்தில் அவர் மேடு கேட்டார். அதைக் கண்டு பலர் அதிர்ந்தார்கள். நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும் பெண்ணைக் கண்டு யாரும் அதிர்வதில்லை. இரண்டும் ஒரே உரிமையின் இரு செயல்கள் என்றால் இந்த வேறுபாடு ஏன்?

மார்கனின் வாதம் பெண்களை ஏமாந்தவர்களாகக் காட்டிவிடும் அபாயமும் உண்டு. சமூகவியலார் கேத்தி டேவிஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சரிசெய்தது. நெதர்லாந்தில் பொதுக் காப்பீட்டில் அழகறுவை கோரிய பெண்களை அவர் சந்தித்தார். அவர்களில் பலர் எந்தக் குறைக்காக வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தால் தெரியவே இல்லை. ஆனால் அவர்களின் துன்பம் உண்மையானது, அவர்கள் பேரழகைக் கேட்கவில்லை, மற்றவர்களைப் போல இருந்தால் போதும் என்றே கேட்டார்கள் என்று பதிந்தார். இந்தப் பெண்களைச் செருக்குள்ளவர்கள் என்று பழிப்பவர் அவர்களின் பேச்சைக் கேட்டதில்லை.

துன்பம் உண்மை, துன்பத்துக்குக் காரணமான நெறி பிழையானது. இந்த இரண்டையும் ஒருங்கே ஏற்றால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? மெய்யியலார் மார்கரெட் ஒலிவியா லிட்டில் 1998-இல் இதை உடந்தை என்ற கருத்தால் அணுகினார். நீதியற்ற நெறியால் துன்புறும் ஒருவருக்கு அந்த நெறிக்கேற்ப உதவுவது சில வேளை தகும். ஆனால் உதவும் மருத்துவர் அந்த நெறியை எதிர்க்கவும் கடமைப்பட்டவர், அதை வளர்த்து ஆதாயம் பெறுவாரானால் அவர் தீங்கில் பங்காளி. வரலாறு இதற்கு ஒரு கூர்மையான முன்னுதாரணம் தருகிறது. 1898-இல் பெர்லினில் மூக்கைச் சிறிதாக்கும் அறுவையைச் செய்த ஜாக் ஜோசப் யூதர். யூத மூக்கு என்ற ஏளனத்தால் துன்புற்ற ஏழைகள் சிலருக்கு அவர் கட்டணமின்றியே அறுவை செய்தார். அவர்களின் மூக்கில் எந்த நோயும் இல்லை. நோய் தெருவில் இருந்தது. ஜோசப் உதவியது தவறென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. யூத மூக்கை ஒரு குறை என்று அவர் விளம்பரம் செய்திருந்தால் தீர்ப்பு வேறாக இருக்கும்.

பெண்முக அறுவையில் இந்த வரம்பு நாள்தோறும் மீறப்படுகிறது. மெய்யியலார் ஹெதர் விடோஸ் 2018-இல் காட்டியது போல அழகு இன்று ஓர் அறக் கடமையாகவே மாறிவருகிறது. அதை அடையாதவர் முயலாதவர் என்று பழிக்கப்படுகிறார். அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரு படங்களை அடுக்கி, முதற்படத்தில் இருக்கும் நலமான பெண்முகத்தை ஆண்சாயல் கொண்டது என்று பெயரிடும் விளம்பரம், தான் தீர்க்கப்போவதாகச் சொல்லும் துன்பத்தைத் தானே உண்டாக்குகிறது. தன் தாடையைப் பற்றி ஒருநாளும் எண்ணாத பெண்ணும் அதைப் பார்த்தபின் எண்ணத் தொடங்குகிறார். திருநங்கையருக்கு அந்த விளம்பரம் செய்யும் தீங்கும் சிறிதன்று: பெண்ணாகப் பிறந்தவர்களுக்கே எட்டாத அளவுகோலை அது அவர்கள்முன் வைக்கிறது.

மருத்துவத்துக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இல்லாத அல்லது மிகச் சிறிய உருக்குறையை எண்ணி எண்ணி மாளும் மனநிலையை இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891-இல் விவரித்தார். பொதுமக்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 2 பேரிடம் காணப்படும் இந்நோய் அழகறுவையை நாடுவோரிடம் மேலும் மிகுதி. அறுவை அதைத் தீர்ப்பதில்லை, ஓர் இடத்தில் அடங்கிய கவலை இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. ஆகவே மனநல ஆய்வு இன்றி எலும்பைத் தொடுவது, அகாதமியின் தீர்மானத்தின்படியும் பயஸின் உரையின்படியும் லிட்டிலின் வாதத்தின்படியும் ஏற்கத் தகாதது. ஆலோசனை அறையில் முதலில் கேட்க வேண்டியது, இந்த முகத்தில் ஆணைக் கண்டது யார் என்பதே: நோயா, ஒருகாலத்தில் கேலி செய்த வகுப்புத் தோழர்களா, கணவனா, கைப்பேசியின் படவடிகட்டியா, முந்தைய மருத்துவரா. நோய் என்றால் சிகிச்சை தொடங்கலாம். மற்றவற்றில் ஒன்று என்றால், முகம் பெண்ணின் முகமே என்பதை வெளிப்படையாகச் சொல்லி, நரம்பு மரத்துப்போகும் வாய்ப்பையும் மீளமுடியாமையையும் விளக்கி, தசைக்கு ஊசி போன்ற மீளக்கூடிய வழியை முதலில் காட்டி, முடிவெடுக்கக் காலம் கொடுக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு அவர் தெளிந்த மனத்தோடு அறுவையை வேண்டினால், அந்தத் தெரிவுக்காக அவரைப் பழிக்கும் உரிமை மருத்துவருக்கும் இல்லை, மதகுருவுக்கும் இல்லை.